கன்னியம்மா கொடுத்த பழம்

கன்னியம்மா என்னை முதல் தடவை வீட்டுக்குள் விடவில்லை. இரண்டாவது தடவையும் விடவில்லை. மூன்றாவது தடவை போனபோது கதவைப் பாதி திறந்து, இறால் உரித்த ஈரக் கையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா டீச்சரு, இன்னும் எத்தினி வாட்டி வருவ?"

எனக்கு முன்கோபம் அதிகம். அதுவும் சித்திரை வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு நடந்து வந்தவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் வேலையை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். என் பட்டியலில் முதல் மூன்று பெயர்களும் இவள் பெற்றவை. வல்லரசு, வயது பதினொன்று. ஜெயவேல், எட்டு. அம்மு, ஆறு. முதல் இரண்டு பேரும் எங்கள் பள்ளியிலிருந்து நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அம்மு பள்ளி வாசலையே மிதித்ததில்லை.

"பிள்ளைகளை ஏன் அனுப்ப மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

"புள்ளைங்க படிச்சுகினுதான் கீதுங்க. வூட்ல. நான் சொல்லித் தரேன்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஆறாவது. நீ?"

"பி.எட்."

"பி.எட். படிச்சிட்டுதான் அன்னிக்கு கேட்ட பூட்னியா?"

பூட்டியது நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். மூன்றாவது பாடவேளையில் மூக்கில் ஊசி குத்துவது போல ஒரு நெடி வந்தது. எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கண்ணைத் தேய்த்தார்கள், இருமினார்கள், பிறகு ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்தில் சுருண்டு விழுந்தார்கள். செய்தி குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் கூட்டமாக ஓடி வந்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்தால் விழுந்து கிடக்கும் பிள்ளைகள் மிதிபடும், ஆம்புலன்ஸ் வரும்வரை கேட்டைப் பூட்டு என்று தலைமை ஆசிரியர் சாவியை என் கையில் திணித்தார். நானும் பூட்டினேன்.

கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தால் தாழ்வாரம் நன்றாகத் தெரியும். அங்கே ஆறு வயது ஜெயவேல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தான், கரையில் போட்ட மீன் மாதிரி. கன்னியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் அதைப் பார்த்தாள். "ஒரே ஒரு வாட்டி தொறம்மா, நான் தூக்கிகினு ஓடிடறேன்" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் திறக்கவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இழுப்பு அவனோடு தங்கிவிட்டது. கன்னியம்மா மறுநாளே மீன் விற்கும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று பிள்ளைகளையும் வீட்டில் உட்கார வைத்தாள்.

அவள் வீட்டிலிருந்து பள்ளி அரை கிலோமீட்டர்கூட இல்லை. காற்று என்ன, பள்ளியோடு நின்றுவிடுமா? இதை அவளிடமே கேட்டேன்.

"வூட்ல வந்தா என் கை எட்டும்," என்றாள்.

கணக்கெடுப்புப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. வேலைக்குப் போகிறார், ஊர் மாறினார், நோய், இறப்பு. "அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்" என்று எழுத இடம் இல்லை. நான் "நோய்" என்று எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன்.

அதுதான் வினையாகிப் போனது. நோயாளிப் பிள்ளை, படிக்காத தாய், இரண்டு வருஷமாகப் பள்ளி இல்லை என்று பார்த்த கல்வி அதிகாரி நேரில் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை; சட்டையைக் கசங்காமல் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசுகிற ஆள். மூன்று பேரையும் செங்குன்றம் தாண்டி இருக்கிற விடுதிப் பயிற்சி மையத்துக்கு அனுப்பலாம், தங்க இடம், சாப்பாடு, ஆசிரியர் எல்லாம் உண்டு, ஒரு வருஷத்தில் தேறிவிடுவார்கள் என்றார். வேண்டுமானால் மே மாதக் கடைசியில் ஒரு சோதனை வைப்போம், வயசுக்கு ஏற்ற படிப்பு இருந்தால் ஜூனில் இதே பள்ளியில் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் விடுதிதான் என்று முடித்தார்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா பள்ளிக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, அன்று பிடித்த அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரு, ரெண்டு பஸ்ஸு மாறிப் போணும் அங்க. ஜெயவேலுக்கு இஸ்துகினா யாரு மிஷின் வெப்பாங்க? அவனுக்கு இஸ்துக்க சொல்ல சத்தமே வராது. நான் பக்கத்துல கீறதால எனக்குத் தெரியும். அவுங்களுக்கு இன்னா தெரியும்? உன் கால்ல வுயறேன், எனக்கு வயி சொல்லு."

அவளுக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அதை விழுங்கிக்கொண்டு என்னிடமே கை ஏந்தினாளே, அது என்னை என்னவோ செய்தது. செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். சோதனையில் என்ன வரும் என்று சொல்லிவிட்டேன். வாசிப்பு, கூட்டல் கழித்தல், பெரியவனுக்குப் பின்னம். மூன்று பேருக்கும் பொதுவாக "என் அம்மா" என்று ஐந்து வரிக் கட்டுரை.

இருபத்திரண்டு நாள் இருந்தது. கணக்குக்கு மட்டும் நான் சாயங்காலம் போய் உதவினேன். அப்போதுதான் அந்த வீட்டுப் பள்ளியைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரே அறை. மீன் ஐஸ் பெட்டியின் வெள்ளை மூடிதான் கரும்பலகை. ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி எழுதுவாள். மூடியைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருந்தாள். மேலே வல்லரசுக்குப் பின்னம், நடுவில் ஜெயவேலுக்கு வாய்ப்பாடு, கீழே அம்முவுக்கு எழுத்து. பெரியவனுக்குச் சொல்லும்போது சின்னவள் சுவரில் கிறுக்குவாள். சின்னவளின் கையைப் பிடித்து எழுத வைக்கும்போது நடுவன் தூங்கி விழுவான். நடுவே உலை பொங்கும். உரிக்க இறால் கொடுக்கும் காண்டிராக்டு ஆள் வந்து கத்துவான். பின்னம் அவளுக்கே தெரியாது. விடிவதற்கு முன் எழுந்து செல்போனில் வீடியோ பார்த்துத் தான் கற்றுக்கொண்டு, எட்டு மணிக்கு மகனுக்குச் சொன்னாள். தப்பாகக் கற்றுக்கொண்ட நாளில் தப்பாகவே சொன்னாள். வல்லரசு திருத்தினால் சீறுவாள்.

"நான் சொன்னத சொன்ன மாதிரி எய்து. மாத்தாத."

புத்தகம் ஒரு செட்டுதான், அதுவும் பழசு. அதனால் முக்கால்வாசிப் பாடம் அவள் வாயிலிருந்து நேராகப் பிள்ளைகளின் நோட்டுக்கு இறங்கியது. கை இறாலை உரித்துக்கொண்டிருக்கும், வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மூன்று பேரும் எழுதிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்து வாயில் ழகரம் நிற்காது. கோழி கோயியாகும், ஏழு ஏயுவாகும், மழை மயையாகக் கொட்டும். நான் கிண்டல் செய்யவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. என் அப்பா சாத்தூரிலிருந்து வந்து யானைக்கவுனியில் பருப்பு மண்டி வைத்தவர். எங்கள் வீட்டில் மழை 'மளை'தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் "மயை இல்லடா, மளை" என்று ஒரு பையனைத் திருத்தப் போய் வகுப்பே சிரித்தது.

தினமும் முதல் பாடம் தமிழும் இல்லை, கணக்கும் இல்லை. காற்று. "இன்னிக்கு இன்னா காத்து?" என்று கேட்பாள். மூன்று பேரும் வாசலுக்கு ஓடி, விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். கடல் பக்கமிருந்து கொண்டல் என்றால் பாடம் நடக்கும். மேற்கேயிருந்து கச்சான் என்றால், அது கம்பெனிகளைத் தடவிக்கொண்டு வருகிற காற்று. ஜன்னலை அடைத்து, ஈரத்துண்டைக் கதவு இடுக்கில் திணிக்க வேண்டும். துண்டு திணிப்பது வல்லரசின் வேலை. அந்தப் பையன் அதை ஒரு வார்த்தை பேசாமல் செய்வான். மே மாதப் புழுக்கத்தில் ஐந்து பேர் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்போம். ஆறு வயது அம்மு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்வாள். இதை ஒரு தாய் மெச்சிக்கொள்வாள்; நான் நோட்டைத் திருத்துவது போலக் குனிந்துகொள்வேன்.

புருஷன் ரகுபதி காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன். பத்து நாள் கடல், இரண்டு நாள் கரை. ஒரு சாயங்காலம் அவனும் இருந்தான்.

"நீயே சொல்லு டீச்சர். எல்லாரு வூட்டுப் புள்ளையும் அங்கதான் போவுது. இவ மட்டும் இவுங்கள அடகாத்துகினு கீறா."

"நீ கடலுக்குப் போய்டுவ," என்றாள் கன்னியம்மா. "அன்னிக்கு கேட்டாண்ட நின்னது நானு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு வலை நூலை எடுத்துக்கொண்டான்.

இந்த நெருக்கடியிலும் அவளிடம் ஒரு வழக்கம் தவறாது. பாடம் முடிந்ததும் ஒரே ஒரு மஞ்சள் வாழைப்பழத்தை உரித்து, கத்தியால் மூன்றாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு. நடுத்துண்டு ஜெயவேலுக்கு. தனக்குத் தோல்.

ஒருநாள் நான் கிளம்பும்போது வல்லரசு தெருமுனை வரை கூட வந்தான். "டீச்சர், எங்க செட்டுல இப்ப வெளாட்டுக்கு யாரு லீடரு?" என்று கேட்டான். சொன்னேன். "அவன் ஓடவே மாட்டானே," என்று சொல்லிவிட்டு, காற்றை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடினான்.

கட்டுரையை மட்டும் கன்னியம்மா என்னிடம் காட்டவில்லை. "அத்த நான் பாத்துக்கறேன். என்னப் பத்திதான, எனக்குத் தெரியாதா?" என்றாள். கடைசி நான்கு நாளும் அதைத்தான் உருப்போட வைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

சோதனை ஒரு சனிக்கிழமை. கேட்டைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் மூன்று பெஞ்சு, மூன்று பிள்ளைகள். கன்னியம்மா தாழ்வாரத்தில், ஜெயவேல் அன்று விழுந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் இழுப்புக்கு வைக்கிற மிஷின். அவள் உதடு ஓயாமல் எதையோ முணுமுணுத்தது.

வாசிப்பு பரவாயில்லை. கணக்கு நன்றாகவே வந்தது. பின்னத்தில் வல்லரசு ஒன்றுகூட விடவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி கடைசியாகக் கட்டுரைத் தாள்களை எடுத்தார். முதலில் அம்முவுடையது, பிறகு ஜெயவேலுடையது, பிறகு வல்லரசுடையது. படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. தாளை என் பக்கம் தள்ளினார்.

மூன்றிலும் ஒரே ஐந்து வரி.

"என் அம்மா பெயர் கன்னியம்மா. என் அம்மா எங்களுக்குப் பாடம் சொல்லித் தருவார். என் அம்மா எங்களை வெளியே விட மாட்டார். தினமும் சாயங்காலம் என் அம்மா எங்களுக்குப் பயம் கொடுப்பார். அதனால் நாங்கள் நன்றாகப் படிக்கிறோம்."

"பாத்தீங்களா மேடம்?" என்றார் அதிகாரி தாழ்ந்த குரலில். "மூணு குழந்தையும் ஒரே மாதிரி எழுதியிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இந்த வீட்டுல இதுங்களை விட்டு வைக்க முடியாது. திங்கட்கிழமையே விடுதிக்கு எழுதிடுறேன்."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா உள்ளே பாய்ந்து வந்தாள். "சார், இன்னா சார் தப்பா எய்திச்சுங்க? நான் நல்லாதான சொல்லிக் குடுத்தேன்? நான் அடிச்சதே இல்ல சார். கேளுங்க சார் புள்ளைங்கள." எதற்காகக் கும்பிடுகிறோம் என்றே தெரியாமல் கும்பிட்டாள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பதினான்கு வருஷம் இந்த ஊரில் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்? அம்முவைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தேன்.

"அம்மு, அம்மா தினமும் பயம் கொடுப்பாங்கன்னு எழுதியிருக்கியே, அது எப்படி இருக்கும்?"

"மஞ்சளா கீது," என்றாள் அம்மு. "பக்ருதீன் பாய் வண்டில வாங்கும். தோல உரிச்சிட்டு மூணா வெட்டும். நடுவுல கீறது இவனுக்கு. எனக்கு கடேசி."

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தலைமை ஆசிரியரும் சிரித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அழுகையும் சேர்ந்து வந்தது. கன்னியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்க முயன்றாள்.

"ஒரு எழுத்துதாம்மா," என்றார் அதிகாரி. "பழம்னு சொல்லுங்க பாப்போம்."

"பயம்," என்றாள் கன்னியம்மா.

"பழம்."

"பயம். அதான் சார் சொல்றேன்."

"சரி, விடுங்க. ஜூன்ல கூட்டிட்டு வந்து சேத்துடுங்க."

அவள் தரையில் உட்கார்ந்து, மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக இழுத்து அணைத்து, சத்தம் போட்டு அழுதாள்.

எல்லாரும் போன பிறகு தாள்களைக் கோப்பில் கட்டும்போதுதான் வல்லரசின் தாளைச் சரியாகப் பார்த்தேன். நான்காவது வரியில் ரப்பரால் அழித்த தடம் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். முதலில் "பழம்" என்று எழுதியிருந்தான். ழகரம் அச்சுப் போல நன்றாக இருந்தது. அதை அழித்துவிட்டு அதன் மேலே "பயம்" என்று எழுதியிருந்தான்.

சேர்க்கைக்கு வந்த நாளில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மா சொன்ன மாதிரியே எழுதணும்னு மாத்துனியா?"

அவன் தரையைப் பார்த்தான். "தம்பியும் பாப்பாவும் தெரியாம எழுதிச்சுங்க டீச்சர்," என்றான். "நான் தெரிஞ்சுதான் எழுதினேன்."

அந்தத் தாளை நான் கோப்பில் வைக்கவில்லை. அவன் அம்மாவிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பள்ளி திறந்த நாள் கன்னியம்மா ஏழரை மணிக்கே வந்துவிட்டாள். மூன்று பேருக்கும் தலையில் எண்ணெய் வழிந்தது. பையில் ஈரத்துண்டு ஆளுக்கொன்று. ஜெயவேலின் மிஷினை என் கையில் கொடுத்து, எப்படி வைக்க வேண்டும் என்று நான்கு தடவை சொன்னாள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கேட்ட மட்டும் பூட்டாத டீச்சரு."

"பூட்டணும் கன்னியம்மா. சட்டம் அப்படித்தான். ஆனா சாவி இனி என் இடுப்புலதான் இருக்கும். நீங்க கூப்பிட்டா நான் ஓடி வந்து திறப்பேன். சத்தியமா."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியாது. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மணி அடித்தது. கேட்டை இழுத்துச் சாத்தினேன். பூட்டும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"நைனா, இரு!" என்று வெளியிலிருந்து கத்தினாள். வல்லரசு திரும்பி வந்தான். கம்பி இடுக்கில் கையை நுழைத்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். "அவசரத்துல மறந்துட்டேன் பாரு. பயத்த மூணா பிச்சி, தம்பிக்கும் பாப்பாவுக்கும் குடு."

வல்லரசு பழத்தைப் பார்த்தான். பின்னால் திரும்பிப் பார்த்தான். ஜெயவேலும் அம்முவும் மைதானத்தில் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தார்கள். இருவரில் யாரும் விரலை நனைத்துக் காற்றுப் பார்க்கவில்லை. அவன் அம்மாவின் கையை மெதுவாக மூடி, கம்பிக்கு அந்தப் பக்கமே தள்ளினான்.

"இன்னிக்கு எங்களுக்கு பயம் வேணாம்மா," என்றான். "நீ வூட்டுக்குப் போ."

அவனுக்கு ழகரம் நன்றாக வரும். எனக்குத் தெரியும்.

"ஏன்டா, புட்ச்சதுதான?" என்றாள் கன்னியம்மா. அதற்குள் அவன் ஓடிப் போய் வரிசையில் நின்றுவிட்டான். அவள் கம்பிக்கு வெளியே நின்றாள். மதியம் நான் எட்டிப் பார்த்தபோதும் அங்கேதான் நின்றாள். பழம் கையிலேயே இருந்தது.